பதினோரு வீட்டுக் கரண்டு

வேல்முருகன் வெல்டிங் ராடை இரும்பில் உரசினால் ஊரில் பதினோரு வீட்டிலும் பல்பு மங்கும். டி.வி.யில் படம் சுருங்கி விரியும். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தால் இழுத்து இழுத்து முனகும். பெண்கள் அதற்குப் பழகிவிட்டிருந்தார்கள். சட்னி அரைக்கும் முன் வாசலுக்கு வந்து பட்டறைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்கள். நீல வெளிச்சம் அடித்தால் கொஞ்சம் பொறுத்து அரைப்பார்கள். சண்டைக்கு யாரும் வந்ததில்லை. செம்மேட்டிலிருந்து மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கி, திண்ணனூர் நாட்டின் கடைசியில் வந்து சேருகிற கரண்டு அது. அதில் பாதியை ஒரு மிஷினே குடித்துவிடும். ஆனால் உடைந்த கலப்பையும் அறுந்த டிராக்டர் கொக்கியும் அவன் கையில்தான் ஒட்டியாக வேண்டும் என்பதால் ஊர் பொறுத்துக்கொண்டது.

மிஷின் என்றால் எண்ணெய் ஊற்றிய பழைய டிரான்ஸ்பார்மர் செட். சங்ககிரியில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்றை மூடியபோது கிடைத்தது. அவன் பட்டறையில் எதுவுமே புதிது கிடையாது. வைஸ் ராசிபுரத்துப் பழைய இரும்புக் கடையில் எடுத்தது. டிரில்லிங் மிஷினுக்கு அவன் மூன்றாவது சொந்தக்காரன். பட்டறைக்கல் என்று வைத்திருந்தது ஒரு முழம் தண்டவாளத் துண்டு. ஸ்பேனர்களில் முன்பு வைத்திருந்தவர்களின் எழுத்துகள் வெட்டியிருக்கும்; ஒன்றில் 'ம', இன்னொன்றில் சிலுவை. மாதம் ஒரு தடவை பஸ் ஏறி மலையின் எழுபது வளைவும் இறங்கிப் போய், ஒரு சாக்குப் பை நிறைய எதையாவது தூக்கிக்கொண்டு வருவான். துருவைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, ஒரு வாரம் கழித்து அது வேலை செய்வதைப் பார்க்கும்போதுதான் அவனுக்குச் சோறு இறங்கும். புதிதாக வாங்குவது ராடு பாக்கெட் மட்டும்தான் என்று அவன் மனைவி கோகிலவாணி கேலி செய்வாள்.

தை மாதம் இரண்டாவது வாரத்தில் அண்ணன் சின்னுசாமியைச் சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அவர் வீடு பட்டறைக்குக் கிழக்கே முப்பதடி தள்ளி. ரிக் வண்டியில் பத்தொன்பது வருஷம் இருந்தவர். போர்வெல் போடுகிற வண்டியோடு ஊர் ஊராக, மாநிலம் மாநிலமாகப் போனார். பாறையைத் துளைக்கும்போது எழும்புகிற மாவு தலை, புருவம், மூக்கு எல்லாம் அப்பியிருக்கும். வீட்டுக்கு வந்து மூன்று நாள் குளித்தாலும் காதுக்குள் சாம்பல் நிறம் போகாது. அந்த மாவு நெஞ்சுக்குள் போய்க் கல்லாக உட்கார்ந்துவிட்டது. இரண்டு வருஷமாக வேலை இல்லை. ஒரே மகளை ஆத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் அவரும் மனைவி பாப்பாயியும்தான்.

கூடவே ஒரு ஆக்சிஜன் மிஷின் வந்தது. சின்ன பீரோ உயரம்கூட இல்லை. அடியில் நான்கு சக்கரம். கொரோனா சமயத்தில் யாரோ அப்பா நினைவாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொடுத்தது. பெரியவர் ஒருவரின் படம் பாதி கிழிந்து பக்கவாட்டில் ஒட்டியிருந்தது. நர்ஸ் ரோஸ்லின் எழுதிப் போட்டு வாங்கி வந்திருந்தார். திண்டுக்கல்லில் இருந்து வேலைக்கு வந்தவர்; மலைக்கு வந்து நான்கு வருஷமாகியும் குளிருக்குப் பழகாமல் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருப்பார். இதை நிறுத்தவே கூடாது, கரண்டு போனால் மட்டும் இந்தச் சின்ன சிலிண்டரை மாட்ட வேண்டும், அது மூன்று மணி நேரம்தான் வரும், தீர்ந்தால் ராசிபுரம் போய்த்தான் நிரப்ப முடியும் என்று பாப்பாயிக்கு இரண்டு தடவை சொன்னார்.

வேல்முருகனுக்குப் பழைய மிஷினைக் கண்டால் கை சும்மா இருக்காது. குனிந்து அதன் ஓட்டத்தைக் காதில் வாங்கினான். பின்பக்கம் கழற்றி, அடைந்திருந்த வடிகட்டியைத் தட்டி, கழுவி, காய வைத்து மாட்டினான். நல்ல மிஷின்தான், இன்னும் பத்து வருஷம் ஓடும் என்றான். அண்ணன் மூக்கில் குழாயோடு சிரித்தார். அவரால் படுக்க முடியாது. படுத்தால் மூச்சு முட்டும். சுவரோரம் இரண்டு சாக்கு மூட்டையை அண்டக்கொடுத்து, உட்கார்ந்தபடியே பகலும் இரவும் கழிந்தன.

அது குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி வெட்டுகிற காலம். மலையில் இருக்கிற டிராக்டர் எல்லாம் கிழங்குக் காட்டுக்கும் ரோட்டுக்கும் ஓடுகிற காலம். பாரம் ஏற ஏற டிரெய்லர் அச்சு வளையும், கொக்கி அறும். வருஷத்துக்கான வருமானத்தை அந்த இரண்டு மாதத்தில்தான் வேல்முருகன் பார்ப்பான்.

திங்கட்கிழமை கார்த்தியின் டிரெய்லர் வந்தது. கார்த்தி கீழ் வளைவுக்குப் பக்கத்துக் காட்டுக்காரன்; டிராக்டரும் ஒரு லோடு வேனும் வைத்திருந்தான். வேல்முருகன் கண்ணாடியை முகத்துக்கு இறக்கி ராடை வைத்தான். நான்கு விரல் நீளம் ஓடியிருக்கும். அண்ணன் வீட்டிலிருந்து கீங் கீங் என்று ஒரு சத்தம். ராடை எடுத்தான். சத்தம் நின்றது. மறுபடியும் வைத்தான். மறுபடியும் கத்தியது.

அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பல்பு மங்குகிற வீட்டில் அந்த மிஷின் மட்டும் எப்படி ஓடும்? கையில் ராடு எரிந்து குட்டையாகியிருந்தது. ரோட்டில் கார்த்தியின் கிழங்கு மூட்டைகள் பனியில் நனைந்து கிடந்தன. இந்த ஒரு கொக்கியை முடித்துவிடலாம் என்று நினைத்தான். பத்து எண்ணும் வரை வைப்பான், எடுப்பான். அடுத்த பத்துக்குக் காத்திருப்பான். அப்படியே முடித்தான். அங்கே பாப்பாயி பிளக்கைப் பிடுங்கிச் செருகிக்கொண்டும், நர்சுக்குப் போன் போட்டுக்கொண்டும் இருந்தாள். பிளக் பாயின்ட் லூசாக இருக்கும் என்று அந்தப் பக்கம் சொன்னார்கள்.

அன்று ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது கோகிலவாணி களியைத் தட்டில் வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

"கெழக்கால ஊட்ல மிஷினு கத்துச்சு" என்றாள்.

"ம்."

"நீங்க ராடு வெக்கறப்பத்தான் கத்துச்சு."

அவன் அவரைக்கொட்டைக் குழம்பில் களியைத் தோய்த்து விழுங்கினான். நாளைக்கு ஒரு ஸ்டெபிலைசர் மாட்டிப் பார்க்கிறேன் என்றான்.

மறுநாள் காலை பரணிலிருந்து பழைய பிரிட்ஜ் ஸ்டெபிலைசர் ஒன்றைத் தேடி எடுத்து அண்ணன் வீட்டில் மாட்டினான். கரண்டு கொஞ்சம் ஏறி இறங்கினால் அது தாங்கும். அடியோடு இறங்கினால் டக்கென்று தானே அணைந்துவிடும். இது அவனுக்கு மாட்டும்போதே தெரியும். பாப்பாயியிடம் சொன்னது வேறு. இனிமேல் கவலை இல்லை அண்ணி என்றான். அவள் தலையை ஆட்டினாள். அன்று இரண்டு வேலை முடித்தான். மிஷின் கத்தியதை எண்ணாமல் இருக்கப் பார்த்தான். ஒன்பது தடவை.

மூன்றாம் நாள் பகலெல்லாம் மஞ்சு இறங்கிக் கிடந்தது. எதிரே நிற்கிற பலாமரம் தெரியவில்லை. இரண்டு டிராக்டர்கள் காத்திருந்தன. பாப்பாயி குடத்தோடு ஊற்றுக்குப் போயிருந்தது அவனுக்குத் தெரியாது. அச்சை ஒட்டி முடித்துவிட்டு, மேடு தட்டிய இடத்தைக் கிரைண்டரில் தேய்த்துக்கொண்டிருந்தான். கிரைண்டர் போடுகிற இரைச்சலில் வேறு எதுவும் கேட்காது. முதுகில் யாரோ ஓங்கிக் குத்தினார்கள். திரும்பினால் கோகிலவாணி, காட்டிலிருந்து ஓடி வந்தவள் பேச முடியாமல் கையை மட்டும் நீட்டினாள்.

மிஷின் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அணைந்த ஸ்டெபிலைசர் திரும்பவும் எழும்பவில்லை. சின்னுசாமி மூட்டையிலிருந்து சரிந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். உதடு நாவல்பழம் தின்ற நிறத்தில் இருந்தது. வேல்முருகனுக்குச் சிலிண்டர் மூடியைத் திருகத் தெரியும். ஆயிரம் வால்வு திருகிய கை. அன்றைக்கு மூன்று தடவை வழுக்கியது.

ரோஸ்லின் மஞ்சுக்குள் ஸ்கூட்டியை உருட்டாத குறையாக ஓட்டி வந்து சேர்ந்தபோது அண்ணனுக்கு மூச்சு ஒரு மாதிரி நிதானப்பட்டிருந்தது. விரலில் மாட்டிப் பார்த்தார், நெஞ்சில் வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு நோட்டை எடுத்து, இந்த மூன்று நாளில் எந்தெந்த நேரம் சத்தம் வந்தது என்று பாப்பாயியிடம் கேட்டார். பாப்பாயி ஈரச் சேலையோடு நின்றபடி சொன்னாள். திங்கட்கிழமை பத்து மணி சுமாருக்கு. நேற்று உச்சிக்கு முன்னால் கொஞ்சம், பிறகு சாயங்காலம். சொல்லும்போதெல்லாம் சுவரையே பார்த்தாள்.

"எழுத வேண்டாங்க சிஸ்டர்" என்றான் வேல்முருகன். "என்ற மிஷின்தானுங்க. நான் ராடு வெக்கறப்பெல்லாம் இது நிக்குது."

ரோஸ்லின் நிமிர்ந்தார். "எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"மொத நாளேங்க."

"தெரிஞ்சும் மூணு நாளா?"

"ஆமாங்க."

அவர் பேனாவை மூடினார். திட்டுவார் என்று வேல்முருகன் எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, நாளைக்கே நிரப்ப ஆள் அனுப்புங்கள் என்று மட்டும் சொன்னார். அண்ணன் கையைத் தூக்கினார்.

"அவனை... ஒண்ணும் சொல்லாதீங்க. கெழங்குக் காலம்... ஊருக்கே... வேலை."

நர்ஸ் போன பிறகு பாப்பாயி துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். வேல்முருகன் எதிரில் போய் நின்றான்.

"எனக்கும் மொத நாளே தெரியும் தம்பி" என்றாள் அவள். "என்ற ஊட்லயும் பல்பு தொங்குதில்ல."

"அப்பறம் ஏன் அண்ணி ஒரு வார்த்தை சொல்லலை?"

"என்னன்னு சொல்றது? வேலையை நிறுத்துன்னா? ரெண்டு வருசமா என்ற அடுப்புல வேகறது எல்லாம் உன்ற ஊட்ல இருந்து வந்த அரிசி. ஒலைக்குப் போடறவன் கையைப் புடிக்கச் சொல்றியா?" அவள் குரல் ஏறவில்லை. களைத்துப் போன குரல். "நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். அது ஒவ்வொரு தடவை கத்தறப்பவும், இப்ப வந்துருவான், இந்தா வந்துருவான்னு வாசலையே பாத்துட்டு இருந்தேன். ஸ்டெபிலைசரைத் தூக்கிட்டு வந்தியே, அப்பவாவது சொல்லுவேன்னு நெனச்சேன்."

அவன் பட்டறைக்குப் போய், சுவரில் இருந்து, பட்டறைக்குக் கரண்டு கொடுக்கிற பீஸ் கட்டையைப் பிடுங்கினான். அதைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினான். அவள் வாங்கினாள். மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். பிறகு உள்ளே போய் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஐந்து நாள் பட்டறை மூடிக் கிடந்தது. டிராக்டர்கள் செம்மேட்டுக்குப் போய் வரிசையில் நின்றன. கோகிலவாணி கிழங்கு வெட்டக் கூலிக்குப் போனாள். குளிரில் மண் கல்லாக இறுகியிருக்கிறது என்று சாயங்காலம் வந்து உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டாள். வேல்முருகன் பட்டறைக்குள் உட்கார்ந்து ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கினான், கலைத்தான், மறுபடியும் அடுக்கினான். குறைந்த கரண்டில் ஓடும் சின்ன மிஷின் ஒன்றைச் செம்மேட்டு ஆளிடம் இரவல் வாங்கி, ஏற்கனவே ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறான். இந்த லைனின் கடைசியில் அது நெருப்பே பிடிக்கவில்லை.

"டீசல்ல ஓடற செட்டு இருக்குதாமே" என்றாள் கோகிலவாணி ஐந்தாம் நாள்.

"இருக்குது. திருச்செங்கோட்டுல. சும்மா குடுப்பாங்களா?"

"இதெல்லாம் சும்மாதான கெடக்குது." அவள் பட்டறையைச் சுற்றிப் பார்த்தாள். அவன் சேர்த்த ஒவ்வொன்றும் எந்த ஊரில் எப்போது வாங்கியது என்று அவளுக்கும் தெரியும்.

கார்த்தியின் வேனில் ஏற்றினார்கள். எண்ணெய் செட்டைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. பிறகு டிரில்லிங் மிஷின், வைஸ், செயின் புல்லி, இரண்டு கிரைண்டரில் பெரியது. பதினாறு வருஷம் அவை நின்ற இடத்தில் தரை மட்டும் கறுத்து, எண்ணெய் குடித்து, மினுமினுத்தது. கோகிலவாணி அதில் மண்ணைத் தூவிப் பெருக்கினாள்.

திருச்செங்கோட்டில் முருகானந்தம் என்பவருடைய யார்டு. பழைய ரிக் வண்டிகளைப் பிரித்து விற்பவர். வேல்முருகனைப் பல வருஷமாகத் தெரியும். ஒரு பெட்டி போல்ட்டுக்கு அரை நாள் நின்று பொறுக்குகிற ஆள் என்று கேலி பேசுவார். அன்றைக்கு வேனில் வந்திருந்ததைப் பார்த்து அவருக்கே கேலி வரவில்லை.

"ஏனுங்க, பட்டறையவே தூக்கிட்டு வந்துட்டீங்க?"

வேல்முருகன் விஷயத்தைச் சொன்னான். முருகானந்தம் கேட்டுக்கொண்டே நடந்து, தகரக் கொட்டகையின் மூலையில் ஒரு செட்டைக் காட்டினார். ரிக் வண்டியில் இருந்தது. டீசல் எஞ்சினும் வெல்டிங் டைனமோவும் ஒரே சட்டத்தில். வேல்முருகன் கைப்பிடியைச் சுற்றினான், நான்காவது சுற்றில் கறுப்புப் புகை கக்கிப் பிடித்துக்கொண்டது. ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. வேல்முருகன் குனிந்து டைனமோவின் காற்றுத் துவாரங்களைப் பார்த்தான். உள்ளே சாம்பல் நிற மாவு கெட்டியாக அப்பியிருந்தது. விரலால் சுரண்டினான். முகப் பவுடர் மாதிரி மெல்லிசாக விரல் ரேகைக்குள் இறங்கியது. வேட்டியில் துடைத்தான். போகவில்லை.

கொண்டுவந்த அத்தனைக்கும் அந்த ஒரு செட்டு. முருகானந்தம் தானாகவே வைஸை எடுத்து வேனில் திரும்ப வைத்தார். வைஸ் இல்லாமல் என்ன பட்டறைங்க என்றார்.

மலை ஏறும் முன் காரவள்ளியில் வேனை நிறுத்தச் சொன்னான். ஒரு டீக்கடையில் கேட்டு, குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து, ஈரத் துணியும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு துவாரம் துவாரமாகத் துடைத்து எடுத்தான். வாளித் தண்ணீர் பால் நிறமாக மாறியது. மூன்று வாளி.

"மேல போய்க் கழுவிக்கலாமில்லண்ணா?" என்றான் கார்த்தி.

"இங்கயே கழுவிரலாம்."

டீசல் செட்டை வீட்டுப் பக்கம் வைக்க முடியாது. புகையும் சத்தமும் அண்ணனுக்கு ஆகாது. கீழே ரோட்டு வளைவில், கார்த்தியின் காட்டு ஓரத்தில், நான்கு மூங்கில் நட்டு மேலே தார்ப்பாய் கட்டிக்கொண்டான். கால் மைல் இறக்கம். வைஸையும் தண்டவாளத் துண்டையும், செட்டிலேயே செருகி ஓட்டச் சின்னக் கிரைண்டரையும் அங்கே இறக்கினான். டீசல் வாங்கச் செம்மேட்டுக்கு ஓட வேண்டும். ஒரு கொக்கிக்கு முன்பு மிஞ்சியதில் பாதி இப்போது புகையாகப் போனது. காற்று நேராக வீசுகிற இடம் அது. காலையில் எஞ்சினைச் சுற்றுவதற்கு முன்பே குளிரில் தோள்பட்டை மரத்துப் போயிருக்கும். செம்மேட்டுக்குப் போன டிராக்டர்காரர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை. வராதவர்களை அவன் குறை சொல்லவில்லை.

மாசி பிறந்து நான்காம் நாள் மதியம் கோகிலவாணிக்குப் பதிலாகப் பாப்பாயி சோறு கொண்டுவந்தாள். கோகிலவாணி கூலிக்குப் போயிருந்தாள். தூக்குப் போசியில் சாமைச் சோறும் மிளகு ரசமும், இலையில் மடித்து வேகவைத்த கிழங்கும். அவன் எஞ்சினை நிறுத்தினான். பீஸ் கட்டை விஷயத்துக்குப் பிறகு இரண்டு பேரும் தனியாகப் பேசியதில்லை. அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து, அவன் சாப்பிடுவதைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் எப்படி இருக்குது?"

"மூச்சு பரவால்ல. தூக்கந்தான் இல்ல. மூட்டை நழுவுது. கண்ணு சொக்கினா சரிஞ்சிருது, மறுபடியும் முழிச்சுக்கறாரு." முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாள்: "ஆஸ்பத்திரியில தலமாட்டைத் தூக்கி வெக்கற கட்டலு இருந்துச்சு. அதுல சாஞ்சு நல்லாத் தூங்குனாரு. அந்த மாதிரி சாயறதுக்கு மட்டும்... உன்னால ஆகுமா தம்பி?"

அவன் போசியை மூடி வைத்துவிட்டு எழுந்தான். வீட்டுக்கு ஏறிப் போய், ஒரு கயிற்றை எடுத்து அண்ணனின் முதுகை அளந்தான். கழுத்திலிருந்து இடுப்பு வரை, ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை. பாறை துளைத்த தோள். இப்போது கயிறு இரண்டு பக்கமும் மிச்சம் தொங்கியது. எந்தச் சரிவில் மூச்சு லேசாக வருகிறது என்று முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்துச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டான். ஒரு இடத்தில் அண்ணன் கண்ணை மூடித் தலையசைத்தார். அந்தச் சரிவில் சுவருக்கும் முதுகுக்கும் இருந்த தூரத்தைக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

வளைவில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். நாளைக்கு வாங்க என்று அனுப்பினான். ஆங்கிள் இரும்பை அறுத்தான். அடிச்சட்டம் ஒன்று, சாய்வுச் சட்டம் ஒன்று, பின்னால் முட்டுக் கொடுக்க இரண்டு கால். ஒவ்வொரு மூலையையும் இரண்டு தடவை ஒட்டினான். முனைகளைக் கிரைண்டரில் உருட்டினான். எங்கேயும் தோல் கிழியக் கூடாது. குறுக்கே கட்டில் நாடாவை இழுத்துப் பின்னினான். கடைசியாக, அசைந்த ஒரு காலைத் திரும்ப ஒட்டியபோது பொழுது மேற்கில் இறங்கி மஞ்சு ஏறத் தொடங்கியிருந்தது. ஆறட்டும் என்று நிற்கவில்லை. சாக்கைச் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு மேட்டில் நடந்தான்.

பாப்பாயி மூட்டைகளை எடுத்தாள். அவன் சட்டத்தைச் சுவரோரம் வைத்து, அண்ணனை அக்குளில் பிடித்து மெல்லச் சாய்த்தான். நாடா முதுகின் கனத்தை வாங்கி ஒரு விரல் அளவு தொய்ந்து நின்றது. சின்னுசாமியின் கை தானாகப் பக்கத்துச் சட்டத்தைப் பிடித்தது.

"சுடுதடா" என்றார்.

"இப்பத்தான் ஒட்டுனது. இருண்ணா, எடுத்தர்றேன். ஆறுனதும் வெக்கலாம்."

"வேண்டாம்." ஒரு மூச்சு இழுத்தார். இன்னொரு மூச்சு. "குளுருக்கு... நல்லாருக்குது. இருக்கட்டும்."

மிஷின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. வேல்முருகன் பக்கத்தில் குத்தவைத்து, கால் அசைகிறதா என்று பார்க்கச் சட்டத்தின் அடியில் கையை வைத்தான். கை பொறுக்கிற சூடு. பாப்பாயி வரக்காப்பி கொண்டுவந்து நீட்டினாள். அவன் அப்புறம் என்று கண்ணால் சொன்னான். அண்ணனின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, சரியவில்லை. வாய் லேசாகத் திறந்து மூச்சு வந்து போனது. கைக்குக் கீழே இரும்பு கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது. அது முழுவதும் சில்லிட்டுப் போகும் வரை அவன் கையை எடுக்கவில்லை.